இரண்டாம் கியர்

நரின் சந்தையில் எண்ணெய் விற்கும் மாம்பெத்துக்கு
ஒரே கொள்கை: எண் கூடினால் தரம் கூடும்.
"ஜி.எல். ஐந்து வந்த பிறகு
நான்கை எவன் வாங்குவான், சொல்?"
எவனும் வாங்கவில்லை. நானும்.
என் கிழட்டு ஆடிக்கு மூன்று டப்பா,
இரண்டு நாள் சவாரிப் பணம்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை.
பிறகு ஜனவரி, மைனஸ் இருபத்தெட்டு.
விடியலில் கியர்க்கோலைத் தள்ளினால்
உறைந்த ஆட்டுக்கொழுப்பில் கரண்டி விட்ட மாதிரி.
குளிர்தானே என்றிருந்தேன்.

டோலோன் கணவாயில், வண்டி நன்றாகச் சூடான பிறகு,
மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன்.
கர்ர்ர்.
நான்கு சவாரிகளும் ஒரே நொடியில்
என் வலது கையைப் பார்த்தார்கள்.
பெண் ஓட்டினால் இப்படித்தான் என்று
யாரும் சொல்லவில்லை;
சொல் பல்வரைக்கும் வந்து நின்றது.

கிளட்சை முழுக்க மிதித்துத்தான் இருந்தேன்.
இதை எங்காவது பதிவு செய்ய வேண்டும்.

இரவு கையேட்டைத் தேடி எடுத்தேன்.
அட்டையில் யாரோ வைத்த தேநீர்க் கோப்பையின் வட்டம்.
உள்ளே ஒற்றை வரி:
ஜி.எல். நான்கு, எழுபத்தைந்து - தொண்ணூறு.
காரணம் எழுதவில்லை. வரைபடம் இருந்தது.
விரலை வைத்துக்கொண்டு போனேன்.

பித்தளை வளையங்கள்.
சுழலும் பல்சக்கரத்தைத் தொட்டு, உரசி,
வேகத்தைச் சமமாக்கி,
பிறகே இருவரையும் கைகோக்க விடும்
தரகு வேலை அவற்றுக்கு.
உரசல் இருந்தால்தான் பிழைப்பு.
நான் ஊற்றியதோ
யாரும் யாரோடும் உரசக் கூடாதென்று காய்ச்சிய எண்ணெய்.
பிடி கொடுக்காமல் பேசுகிறவனை வைத்துக்கொண்டு
எந்தச் சம்பந்தத்தை முடிப்பது?
அதன் கந்தகம் வேறு
இரும்புக்குக் கவசம், பித்தளைக்கு அரிப்பு.

அதே பெட்டியின் மூலையில் டிஃபரன்ஷியல்.
அதற்கு ஐந்து கிடைத்தால் கொண்டாட்டம்.
ஒரே வீடு, ஒரே குழம்பு, இரண்டு நாக்கு.
கட்டியவன் இதையெல்லாம் யோசித்துத்தான்
நான்கு என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை, கொட்டகையில்,
முதலில் மேல் திருகு. அது கழன்ற பிறகே கீழ்த் திருகு.
இருந்ததை வடித்துவிட்டு
ஊற்றும் வாய் திறக்காமல் நின்ற கதை ஒன்று உண்டு.
அது இங்கே வேண்டாம்.

குமிஸ் வாங்கிய பழைய கேனில் வடிந்தது.
காந்தத்தில் கொஞ்சம் இரும்பு மயிர்;
பித்தளை காந்தத்துக்கு மசியாது.
டார்ச் அடித்தேன்.
எண்ணெய் முழுக்கப் பொன்துகள்,
கலக்கக் கலக்க மினுங்கியது.
என் நஷ்டத்தை இவ்வளவு அழகாக
நான் பார்த்ததே இல்லை.

"கொட்டிவிடாதே," என்றான் போனில் துராத்.
"துணியில் வடிகட்டி வை.
என் கமாஸின் பின் அச்சு குடிக்கும்."
குடித்தது. இன்றுவரை குறையில்லை என்கிறான்.

நான்கைக் கேட்டபோது மாம்பெத்
அடித்தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்தான்,
நான் அவன் கடைக்கே இறங்குமுகம் கொண்டு வந்தது போல.
துளை வழிந்து மணிக்கட்டில் ஒழுகும்வரை ஏற்றினேன்.

தேய்ந்த வளையம் தேய்ந்ததுதான்.
அவசரப்படுத்தினால் இன்னும் முனகும்.
நேற்று டோலோனில் பனித்தூள் பறந்தது.
பின்சீட்டில் சைகலின் மடியில் அவள் கைக்குழந்தை,
கொச்கோர் போவதற்குள் எழுந்தால்
ஊரைக் கூட்டும் என்று முன்பே எச்சரித்திருந்தாள்.
மூன்று. கிளட்ச். நடுவில் ஒரு மூச்சு. இரண்டு.
எண்ணெய்க்குள் ஏதோ ஒன்று ஏதோ ஒன்றைத் தொட்டு
ஒப்புக்கொண்டது உள்ளங்கையில் தெரிந்தது.

குழந்தை விழிக்கவில்லை.
தேவையே இல்லாமல்
மூன்றுக்குப் போய்
மறுபடி இரண்டுக்கு வந்தேன்.